பெட்டிச் சட்டைகள்

விடுதியில் மணி இரண்டு தடவை அடித்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். ஒரு தடவை சாப்பாட்டுக்கு, மூன்று தடவை பிரார்த்தனைக்கு. இரண்டு கேட்டதும் பிள்ளைகள் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிவிட்டு உயர வரிசையில் வராந்தாவில் நிற்க வேண்டும். வார்டன் தகரப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சட்டை கொடுப்பார். நீலக் கட்டம் போட்ட, அந்துருண்டை வாசம் அடிக்கும் சட்டை. வந்தவர்கள் பாட்டுக் கேட்டு, பழம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு அதே வரிசையில் நின்று கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வார்டன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம்தான் பெட்டியில் அடுக்குவார்.

ஒன்பது வயதிலிருந்து பதினாறு வரை நான் அங்கே இருந்தேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தவன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள்.

சென்ற ஆண்டு, பி.ஏ. தேறிய கையோடு, ஒரு சனிக்கிழமை காலை மறுபடி அந்த வராந்தாவில் போய் நின்றேன். தோட்ட ஆபீசில் கிளார்க் வேலை காலியாக இருந்தது. தினமும் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தக் களத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற வேலை. வளர்ந்த விடுதியிலிருந்து நடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். காகிதத்தை நானே டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். வார்டனின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் பாக்கி.

வார்டன் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்ல சமயத்துல வந்தடே. ஒரு சாயிப்பு வாறான். இங்கிலீஷு எனக்கு வாசிச்சா மனசிலாவும். அவனுவ வாயில போட்டுக் கொழப்பிப் பேசுனா ஒரு மண்ணும் மனசிலாவாது. நீ கூட நின்னு சொல்லு. ஒரு மணிக்கூருதான். அவன் போனப்பொறவு ஒப்பு போட்டுத் தாறேன்."

"சரி சார்" என்றேன். அவருக்கு நாகர்கோவில் பக்கம். முப்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் இருந்ததில் பேச்சு பாதி மலையாளமாகிவிட்டது; வெள்ளைக்காரனைச் 'சாயிப்பு' என்பார். 'ஒப்பு' என்று அவர் சொன்னால் அது சும்மா கையெழுத்து அல்ல. அதற்கு முன்னால் நாலு நடை நடக்க வேண்டியிருக்கும்.

மணி இரண்டு தடவை அடித்தது. என் கை தானாகவே மேல் பொத்தானுக்குப் போயிற்று.

பிள்ளைகள் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். பெட்டி திறந்தது. அதே சட்டைகள். இத்தனை வருடத்தில் அந்தச் சட்டைகளுக்கு வயதே ஆகவில்லை. பிள்ளைகள்தான் வளர்ந்து வளர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையில் நாலாவதாக நின்ற பையன் போட்டுக்கொண்ட சட்டையில், இரண்டாவது பொத்தானுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கறை நான் போட்டது.

பத்து வயதில் போட்டது. யாரோ வந்துவிட்டுப் போயிருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வதற்குள் பின்பக்கக் கொல்லாமரத்தடியில் விழுந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டேன். சாறு சட்டையில் வழிந்தது. முந்திரிப்பழச் சாறு துணியில் பட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாது. குளிர்ந்த மலையில் அந்த மரம் கிடையாது.

வார்டன் அன்றைக்கு என்னை அடிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். அப்பா மலையிலிருந்து நடந்து இறங்கி, விதுராவில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். வார்டனுக்கு ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொண்டுவந்திருந்தார். வார்டன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பிறகு சட்டையை நீட்டினார்.

"ஒம்ம மகன் பண்ணின வேல. நீரே கழுவிக் குடும்."

கிணற்றுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல் இருந்தது. அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் மேல்சட்டை இல்லாமல் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. இரண்டு மணி நேரம் தேய்த்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்ப்பேறின கை. அந்தக் கையால் தேய்த்தால் துணி கிழிந்துவிடுமோ என்று பயந்து விரல் நுனியால் தேய்த்தார். நடுநடுவே சட்டையைத் தூக்கிக் காட்டி, "போயிருக்கா பாருங்க சாரே" என்றார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வார்டன், அப்பா கொண்டுவந்த தூளில் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே, "நல்லாத் தேயும் ஓய். போவும்" என்றார்.

கறை போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்கு அப்பாவால் என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. போகும்போது ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு என் தோளைத் தொட்டார். கை சில்லென்று இருந்தது.

அந்தக் கல்லில் இந்த வார்டனை உட்கார வைக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டது அப்போதுதான். அதற்காகவே படித்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் பரீட்சைக்குப் படிக்கும்போது கண் சொருகினால் கல்லை நினைத்துக்கொள்வேன். தூக்கம் போய்விடும்.

சாயிப்பு ஆட்டோவில் வந்து இறங்கினான். என் வயதுதான் இருக்கும். டென்மார்க்கில் ஏதோ ஒரு சின்ன ஊர். பஸ்ஸும் ரயிலுமாக நாலு மாதம் பயணம் செய்து வந்தவன், தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தான். அவன் ஊர்ப் பெண்கள் கூடித் தைத்து அனுப்பியவைதான் அந்தச் சட்டைகள். அவன் அம்மாவும் அதில் ஒருத்தி. இரண்டு மாதம் பிள்ளைகளோடு இருந்து வேலை செய்ய மகன் வருகிறான் என்று அந்த அம்மா கடிதம் எழுதியிருந்தாள். வார்டனும் வாசித்திருந்தார். ஆனால் 'சேவை செய்ய' என்று எழுதிக்கொண்டு வந்த எந்த வெள்ளைக்காரனும் அதுவரை அங்கே மதியச் சாப்பாடு வரைக்கும் இருந்ததில்லை. ஆகவே இது ஒரு மரியாதைக்கு எழுதுவது என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு தப்பைத்தான் அவர் செய்தார்.

பிள்ளைகள் பாடினார்கள். சாயிப்பு பழம் கொடுத்தான். ஒருவனுடைய காலரைத் தொட்டுப் பார்த்து, "இது என் அம்மா போட்ட தையல்" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருடம் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்!"

"என்னடே சொல்லுகான்?"

"நல்லாப் பாத்துக்கிறீங்களாம் சார்."

"பின்னே?" வார்டன் தலையை ஆட்டினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. சாயிப்பு முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டான்.

"என்ன கேக்கான்?"

"வேலை என்னன்னு கேக்கறார்."

"வேலையா? பழம் தின்னாச்சுல்லா, இன்னும் என்ன வேல?"

அதற்குள் சாயிப்பு தன் முதுகுப்பையிலிருந்து ஒரு கால்பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டான். இடவப்பாதி மழை பிடித்து ஒரு வாரம். மைதானம் முழுக்கச் செம்மண் சேறு. வார்டன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டே, நிறுத்தச் சொல்லு. மழ வருது, பிள்ளியளுக்குக் காய்ச்ச வரும்னு சொல்லு."

சட்டை அழுக்காகும் என்று அவரால் சொல்ல முடியாது. பிள்ளைகள் தினமும் போடுகிற சட்டை என்றல்லவா ஊர் ஊராகக் கடிதம் போயிருக்கிறது! நான் படியிறங்கிப் போனேன். சாயிப்பு என்னைப் பார்த்து, "ஏன் இவர்கள் ஓடமாட்டேன் என்கிறார்கள்?" என்று கேட்டான். பிள்ளைகள் பந்தைப் பார்த்துக்கொண்டு நட்ட கம்பு மாதிரி நின்றார்கள். ஒவ்வொருவனும் சட்டை நுனியைக் கையால் வயிற்றோடு பிடித்திருந்தான்.

காய்ச்சலைச் சொல்லத்தான் இறங்கினேன். சத்தியமாக. சான்றிதழ் அவர் பையில் இருந்தது. ஆனால் நாலாவது பையன் கறையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"வார்டனுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றேன் ஆங்கிலத்தில். "தினமும் இந்த நேரத்தில் இவர்கள் விளையாடுவதுதான். புது ஆள் என்று கூச்சப்படுகிறார்கள். நீங்கள் தயங்க வேண்டாம்."

பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "ஓடுங்கடா" என்றேன்.

"அண்ணா, சட்ட?" என்றான் அந்தப் பையன்.

"ஓடுடா."

முதலில் சாயிப்புதான் வழுக்கி விழுந்தான். எழுந்து சிரித்துக்கொண்டு நின்றான், முகமெல்லாம் செம்மண். அதைப் பார்த்து ஒருவன் சிரித்தான். இன்னொருவன் பந்தை உதைத்தான். அப்புறம் அவர்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஏழு வருடம் நான் இருந்தபோது அந்த மைதானத்தில் கேட்காத சத்தம் அன்றைக்குக் கேட்டது. நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாவதை நான் நின்று பார்த்தேன். பசித்தவன் சாப்பிடுவதுபோல் பார்த்தேன்.

வார்டன் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "சொன்னியாடே?"

"சொன்னேன் சார். மழையில விளையாடினாத்தான் உடம்பு உறுதியாகும்னு சொல்றார். அவங்க ஊர்ல ஐஸ்லகூட விளையாடுவாங்களாம்."

"அவன் ஊருல என்ன எழவும் செய்யட்டும்! மதி, மதின்னு சொல்லு."

போதும் என்று சொல்வதற்குப் பதில், மறுபடி இறங்கிப் போய், வார்டன் எல்லோரையும் ஒரு ஆட்டம் கூட ஆடச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் வெயில் அடித்தது. இருபத்தாறு பிள்ளைகளும் மண் உருண்டைகளாக வந்து நின்றார்கள். சாயிப்புக்கு வெட்கமாகிவிட்டது. தன்னால்தான் இப்படி ஆனது, எல்லாவற்றையும் தானே துவைத்துத் தருகிறேன் என்றான். தன் சட்டையையும் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சோப்புக் கேட்டான்.

நான் பக்கத்தில் போனேன். இந்த வார்த்தைகளை நான் யோசித்துச் சேர்க்கவில்லை. பதினோரு வருடமாக வாய்க்குள்ளேயே இருந்தவை போல் வந்தன.

"வார்டன் எப்போதும் பிள்ளைகளோடு சேர்ந்து துவைப்பார். விருந்தாளி முன்னால் உட்காரக் கூச்சம் அவருக்கு. நீங்கள் கூப்பிட்டால் வருவார்."

சாயிப்பின் முகம் மலர்ந்துவிட்டது. ஈரக் கையோடு போய் வார்டனின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆறடி உயரம். வார்டன் அவன் தோளுக்குத்தான் வருவார். இழுத்துக்கொண்டு வந்தான் என்று சொல்ல முடியாது. அன்பாகத்தான் கூட்டி வந்தான்.

"என்னடே இது? இவன் என்னத்துக்குப் பிடிச்சு இழுக்கான்?"

"கூட உக்காந்து துவைக்கணுமாம் சார். அவங்க ஊர்ல அதுதான் மரியாதையாம். மாட்டேன்னா அம்மாவுக்கு எழுதிருவார் போல."

அம்மா என்றதும் வார்டன் அடங்கிவிட்டார். வேட்டியை மடித்துக்கட்டினார். கல்லின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதே கல். ஒரு மூலை உடைந்திருந்தது, அவ்வளவுதான் மாற்றம். குவியலிலிருந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் கொடுக்கும் வேலையை நான் வைத்துக்கொண்டேன். நாலு சட்டை கழித்து அந்தச் சட்டையைக் கொடுத்தேன்.

சேறு போயிற்று. கறை நின்றது. வார்டன் சோப்புப் போட்டுத் தேய்த்தார். தூக்கிப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். அவருக்கு நினைவு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

"நல்லாத் தேயும் ஓய்" என்றேன். "போவும்."

அவர் கை நின்றது. மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். நினைவு வந்துவிட்டது. பக்கத்தில் சாயிப்பு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கும்மித் துவைத்துக்கொண்டிருந்தான். வார்டன் குனிந்து மீதிச் சட்டைகளையும் துவைத்தார்.

கொடியில் இருபத்தாறு சட்டைகளும் காய்ந்தன. அப்போது அந்த நாலாவது பையன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சாயிப்பு போனப்பொறவு சார் அடிப்பாரு இல்லியாண்ணா?"

சாப்பாட்டுக்கு மணி அடிக்குமா என்று கேட்பது மாதிரிதான் கேட்டான். என் மேல் அவனுக்குக் கோபம்கூட இல்லை. காலையில் 'ஓடுடா' என்று சொன்னபோதே எனக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

சட்டை அவனுடையதே ஆகிவிட்டால் சேற்றுக்காக யாரும் அடிக்க முடியாது. நேரே சாயிப்பிடம் போனேன். "வார்டன் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். நீங்கள் வந்த நாளின் ஞாபகமாக, இந்தச் சட்டைகளை இனி அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். துவைத்ததும் மொத்தமாகப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் பழைய வழக்கம் இனி இல்லை. நீங்கள் தினமும் வரும்போது இதைத்தான் போட்டிருப்பார்கள்."

சாயிப்பு கொடியிலிருந்து சட்டைகளை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தான். கொடுத்துவிட்டு, அவனவன் நெஞ்சில் விரலை வைத்து, "உன்னுடையது, உன்னுடையது" என்றான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வார்டன் என்னை வராந்தாவின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். குரல் உயரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு. நீ சின்னப் பிள்ளையில பட்டது எனக்கு ஓர்மை வந்தாச்சு. அதுக்கு என்னக் கல்லுல இருத்தியாச்சு. மதி. இப்ப போயி, சொன்னது தப்பாப்போச்சு, சட்ட பெட்டிக்குத்தான்னு சொல்லு. இந்தா, இங்கயே ஒப்பு போடுதேன்."

பேனா முனை காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பெரட்டுக் களமும் மேஜையும் தெரிந்தன. அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் அப்பா நிற்பதும் தெரிந்தது. அந்தப் பையனுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். அவனையும் நினைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'மதி' என்று அவர் சொன்னாரே, அதுதான் காரணம். போதுமா போதாதா என்று சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வாசிச்சா புரியுமே. எழுதிக் காட்டுங்க."

வார்டன் பேனாவை மூடினார். காகிதத்தை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

"எறங்குடே" என்றார்.

சாயிப்பு இரண்டு மாதமும் தினம் வந்தான். ஓணத்துக்குப் பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நீலம் வெளுத்து, முழங்கை கிழிந்து, ஒருவனுக்குப் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. நல்ல துணி, போட்டுப் போட்டு நைந்துபோயிருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

தோட்ட ஆபீஸ் மேஜையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். நான் தம்பானூர் பக்கம் ஒரு டுட்டோரியலில் தற்காலிகமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் போனக்காட்டுக்குப் போனேன். அப்பா தோட்டத்து லய வீட்டு வாசலில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"கையெழுத்து?"

"போடல."

"அப்போ அந்த வேல?"

"போச்சுப்பா."

கத்தி நாலைந்து முறை தீட்டுக்கல்லில் போய் வந்தது. அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்த வேலை அது. திட்டுவார் என்று தலை குனிந்துகொண்டேன்.

"அதே கல்லா?" என்றார்.

"அதே கல்லுதான். மூல ஒடஞ்சிருக்கு."

"எப்படி உக்காந்தான்? சம்மணம் போட்டா, குத்த வச்சா?"

"குத்த வச்சு."

"வேட்டி நனஞ்சுதா?"

"முழுக்க."

"கறை போச்சா?"

"இல்லப்பா."

"போகாது" என்றார் அப்பா. "நான் தேய்க்காத தேய்ப்பா!" கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏல, முதல்லருந்து சொல்லு. மெதுவாச் சொல்லு."